முழு வரி கேட்டுத் தாராவிக்கு

செல்லத்துரை அண்ணன் வீட்டு மாடிப்படி, படி என்று சொல்லத் தகாத ஒன்று. சுவரில் சாய்த்து வைத்த இரும்பு ஏணி. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்து, கயிற்றைப் பிடித்து ஏறி, மூச்சு வாங்க நின்றபோது என் மதினி பேச்சியம்மாள் கேட்ட முதல் கேள்வி, "யக்கா, இங்க தண்ணி எப்ப வரும்?"

"விடியக்காலைல. ஏளா, வந்ததும் வராததுமா தண்ணியா கேக்க?" என்று ராணியக்கா சிரித்தாள். செல்லத்துரை அண்ணனின் மனைவி அவள்.

"தண்ணி கேக்கத்தான இவ்வளவு தூரம் வந்திருக்கா" என்றேன் நான். அண்ணன் காதில் விழாதவர் போல மின்விசிறியின் சுவிட்சைத் தட்டினார்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மதினி, இறந்துபோன என் சொந்த அண்ணனின் மனைவி. தென்காசிப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்துப் பாசனத்தில் அந்த அண்ணனுக்கு இருந்த வயலில் அவள்தான் நெல் போடுகிறாள். நான் திருநெல்வேலியில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

எங்கள் ஊர் வரிக்கணக்கில் ஒரு வீடு ஒரு தலைக்கட்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்கும் குளத்து வேலைக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி உண்டு. ஆண்கள் பாதிக்கு மேல் தாராவியில் இருப்பதால் ஊர்ச் சங்கமும் தாராவியில்தான் கூடுகிறது. வரியை முடிவு செய்வதும் அங்கேதான். கணவனை இழந்தவளுக்கு அரை வரி. சலுகையாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் தை மாதத்தில் குளம் இறங்கி, மடையில் முறைத் தண்ணீர் தொடங்கியதும், ஊரில் இருக்கும் நீர்பாய்ச்சி சுடலை முழு வரிக்காரர்களின் வயல்களுக்கெல்லாம் பாய்ச்சி முடித்த பிறகே அரை வரிக்காரர் பக்கம் மண்வெட்டியைத் திருப்புவார். அரை வரிக்கு அரை உரிமை என்பது அவர் கணக்கு. நெல் பால் பிடிக்கிற நேரம் அது. அப்போது தண்ணீர் தவறினால் கதிர் நிமிர்ந்து நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. எங்கள் பக்கம் அதைச் சாவி என்போம்.

மதினியின் வயலை ஒட்டி, ஒரே வரப்புக்கு அந்தப் பக்கம், செல்லத்துரை அண்ணனின் வயல். என் பெரியப்பா மகன் அவர். சங்கத்தின் தலைவரும் அவரே. அவர் வயலைக் குத்தகைக்காரர் ஒருவர் பார்க்கிறார். அங்கே வருகிற மகசூல் இங்கே வருவதில்லை. "பொம்பளை வெள்ளாமை அப்படித்தான் இருக்கும்" என்று ஊரில் சொல்லிச் சொல்லி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மதினியின் மகனும் அதை நம்பிவிட்டான். இந்த வருடமும் சாவி விழுந்தால் வயலை அதே குத்தகைக்காரரிடம் விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். மதினியும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். குளம் இறங்கிக்கொண்டிருக்கிறது. முறை தொடங்குவதற்குள் தன்னை முழு வரிக்காரியாக ஆக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இதுதான் காரியம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வடாபாவ் வாங்கி வந்திருந்தார். மதினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போண்டாவ ரொட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கானே அத்தான், யாருக்குப் பயந்து?" என்றாள். அண்ணனுக்குப் புரையேறும்வரை சிரிப்பு. என் அண்ணன் உயிரோடு இருந்த நாளில் இவர்கள் மூவரும் இப்படித்தான் பேசிச் சிரிப்பார்கள். அப்புறம் செல்லத்துரை அண்ணன் சீக்கிரமாகவே படுக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே சந்தில் பிளாஸ்டிக் குடங்கள் உரசும் சத்தம். நானும் மதினியும் ராணியக்காவுடன் இறங்கினோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நிற்க வேண்டிய அகலம்தான் அந்தச் சந்து. குழாயடியில் குடங்கள் வீட்டுக் கதவுகள் இருக்கும் வரிசையிலேயே நின்றன. ஒருத்திக்கு இரண்டு குடம், பிறகு அடுத்தவள். தமிழிலும் இந்தியிலும் மராட்டியிலும் வசவு நடந்தது. வரிசை மட்டும் கலையவில்லை. ஒரு வீட்டுக் குடம் இருந்தது, ஆளைக் காணோம். அடுத்து நின்றவள் முணுமுணுத்துக்கொண்டே அந்தக் குடத்தை நிரப்பி ஓரமாக வைத்துவிட்டுத் தன் குடத்தை நகர்த்தினாள்.

"அவ யாரு?" என்று மதினி கேட்டாள்.

"ஜோதின்னு ஒருத்தி. ஆஸ்பத்திரில ஆயா வேலை. நைட் ட்யூட்டி முடிஞ்சு இன்னும் வரல."

"வீட்டுக்காரரு?"

"அது எப்பவோ ஓடிப்போச்சு. போதும், விடு. குடத்தப் பிடி."

மதினி குடத்தைப் பிடித்தாள். தண்ணீர் விழுகிற குழாயைவிட ஓரமாக நின்ற அந்தக் குடத்தைத்தான் அவள் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. பக்கத்தில் தோல் பெல்ட் செய்கிற மைதீன் பாயின் பட்டறை. பாய்க்கு எங்களுக்கு அடுத்த ஊர். ஜும்மா தொழுகை முடிந்து வந்தவர், எங்களைப் பார்த்ததும் வீட்டிலிருந்து நெய்ச்சோறும் தாளிச்சாவும் வரவழைத்தார்.

"தங்கச்சிகளா, கூச்சப்படாம சாப்பிடுங்க. இந்தச் செல்லத்துரை வீட்டுச் சாப்பாட்ட முப்பது வருசமா நான் சாப்புடுதேன். பழிக்குப் பழி."

காரியத்தைச் சொன்னபோது பாய் தாடியைத் தடவினார். "எங்க ஊருல மடைக்கு வரியுமில்ல, தலைக்கட்டுமில்ல. வயல் கெடக்க வரிசைதான். மேல கெடந்தா மொதல்ல, கீழ கெடந்தா பொறவு. தண்ணிக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா?" என்றவர், அண்ணனின் பட்டறைப் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவன்கிட்ட இதப் பாத்துப் பேசுங்க. அரை வரிங்கது அவன் மனசுல வேற."

என்ன வேற என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டார்.

சனிக்கிழமை மாட்டுங்காவுக்கு அனுப்பினாள் ராணியக்கா. மறுநாள் கூட்டத்துக்கு வெற்றிலையும் பூவும் வேண்டும். அங்கிருந்து செம்பூர் போய் சங்கத்தின் செயலாளர் சண்முகவேல் மாமாவையும் பார்த்துவிட்டு வரலாம் என்பது என் திட்டம். மாட்டுங்காவில் பூக்கடைகளைத் தாண்டும்போது திருநெல்வேலியின் ஒரு தெருவை யாரோ தூக்கிவந்து வைத்ததுபோல இருந்தது. வாசம் கூட அதே கதம்ப வாசம். சாப்பாட்டுக் கடையில் மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு எதிரே பட்டுக் கரை போட்ட பருத்திப் புடவையில் ஒரு மாமி தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய குடும்பத்துக்குப் பூர்வீகம் பாலக்காடு. இலையில் விழுந்த சோற்றை மதினி இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார்.

"என்ன பாக்கறேள்? வேகலையா?"

"வெந்திருக்கும்மா. பழைய நெல்லு. அதான் உதிருது."

"அப்படியா! பாத்தே சொல்றேளே. ஆத்துக்காரர் விவசாயமா?"

"நாந்தான் விவசாயம்."

"ஓ, அவருக்கு ஒத்தாசை பண்றேள்."

"அவரு இல்லம்மா. அவரு இருந்தப்பவும் நாந்தான்."

மாமி ரசத்தை ஊற்றச் சொன்னார். பிறகு, "எங்களுக்கும் பாலக்காட்டுல நெலம் இருந்தது. மூட்டை வரும், தின்னுவோம். யார் போட்டா, யார் அறுத்தான்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார். எழுந்திருக்கும்போது தன் இலையில் தொடாமல் இருந்த ஜாங்கிரியை மதினியின் இலைக்கு நகர்த்திவிட்டுப் போனார்.

செம்பூருக்குக் குர்லாவில் வண்டி மாற வேண்டும். மாறினோம், சரியான வண்டியில்தான் ஏறினோம். பெண்கள் பெட்டியில் எப்படியோ மதினிக்கு உட்கார இடமும் கிடைத்தது. உட்கார்ந்த உடனே நின்றிருந்த ஒருத்தி குனிந்து இந்தியில் என்னவோ கேட்டாள். எங்கே இறங்குவாய் என்கிறாள் என்று நான் சொன்னேன். "செம்பூர்" என்றாள் மதினி. அவ்வளவுதான், அந்த இருக்கை அவளுக்கு என்று முடிவாகிவிட்டது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இவள் எங்கே இறங்குவாள் என்று கேட்டு வைத்துக்கொண்டாள்.

"இது நல்ல முறையா இருக்கே வசந்தா" என்றாள் மதினி. "கேட்டு வச்சவளுக்கு எடம். வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்காளுக."

செம்பூர் வந்தது. மதினி எழுந்து இடத்தைக் கொடுத்தாள். ஆனால் வாசல்வரை போகத்தான் வழியில்லை. எங்கள் வழியை அடைத்துக்கொண்டு ஏறுகிறவர்களின் பைகளும் கைகளும் உள்ளே வந்தன. வெற்றிலைக் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மதினி, "எறங்கணும்! எறங்கணும்!" என்று எங்கள் ஊர்ப் பேருந்தில் கத்துவதுபோலக் கத்தினாள். வண்டி கிளம்பிவிட்டது. இடத்தை வாங்கியவள் திரும்பிப் பார்த்து, செம்பூர் என்றாயே, இன்னும் இங்கேயே நிற்கிறாயே என்று சிரித்தாள். எனக்கு முகம் சிவந்துபோயிற்று. நான் ஒருநாளும் ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டவள் இல்லை. மதினிக்கோ அடக்க முடியாத சிரிப்பு.

அடுத்தடுத்த நிலையங்களிலும் அதே கதை. வாஷிப் பாலத்தில் வண்டி ஏறியபோது இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். மதினி சிரிப்பை நிறுத்தினாள்.

"எம்மா, எவ்வளவு கெடக்கு!"

"உப்புத் தண்ணி மதினி. கடல் உள்ள வந்து நிக்கு."

"அதான பாத்தேன்" என்றாள். "நல்ல தண்ணியா இருந்தா இப்படிச் சும்மா விட்டிருப்பானுகளா?"

சான்பாடாவில் கூட்டம் குறைந்து இறங்கினோம். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்த சான்பாடாக்காரப் பெண் ஒருத்தி, பாளையங்கோட்டையில் பிறந்தவளாம், எதிர் நடைமேடைக்குக் கூட்டிப்போய், "அக்கா, செம்பூருக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னாடியே வாசல்கிட்ட போய் நின்னுருங்க. எறங்குறதுக்கும் இங்க லைன் இருக்கு" என்று சொல்லி ஏற்றிவிட்டாள்.

சண்முகவேல் மாமா செம்பூர்ப் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகள் பலாச்சுளை வறுவலும் தேநீரும் வைத்தாள். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வரியக் கொறைங்கன்னு என்கிட்ட வந்திருக்கானுவ. கூட்டுங்கன்னு வந்தது நீதாம்மா மொத ஆளு. சரி, உங்கிட்ட ஒண்ணு கேக்கேன். நான் வாழ்நாளெல்லாம் யூரியா மூட்டைக்கு நடுவுல நின்னவன். அத எப்பப் போடணும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நீ கரெக்டாப் போடுதியா? அங்க தப்பிருந்தாலும் வெளைச்சல் கொறையும்லா?"

"கடைசி மேலுரம் முறை விழுற நேரத்துல வரும். போடணும்னா தண்ணிய வடிச்சிட்டுப் போட்டு, மறுபடி பாச்சணும் மாமா. தண்ணி என்னைக்கு வரும்னு தெரிஞ்சவன் அன்னைக்கு வடிப்பான். எனக்கு வருமா வராதான்னே தெரியாது. இருக்குற ஈரத்தயும் வடிச்சிட்டு நிக்கவா? அதனால பொறுத்துப் பொறுத்துப் போடுதேன். வேலைக்கு வார ஆளும் அப்படித்தான். தண்ணி வார வயலுக்கு மொதல்ல போவாக. எனக்கு வரும்போது பருவம் போயிருக்கும்."

மாமா என்னைப் பார்த்தார். மண்ணில் வித்தியாசம் உண்டா என்று கேட்டார். இரண்டு வயல் மண்ணையும் நானே எடுத்து நானே பரிசோதித்தேன், ஒன்றேதான் என்றேன். விதையும் ஒரே கடையில் வாங்கியது. கதிர் வரும்வரை இரண்டு வயலும் அக்காள் தங்கை மாதிரி நிற்கும். மழை நன்றாகப் பெய்து முறையே விழாமல் போன வருடம் மதினி வயலில்தான் அதிகம் விளைந்தது.

"விஷயம் சரிதான். ஆனா நான் யோசிக்கது செல்லத்துரைய" என்றார் மாமா. "உங்க அண்ணன் செத்தப்ப இவனுக்கு டிக்கெட் கெடைக்காம, கெடச்ச வண்டியப் பிடிச்சு ஓடி, ஊருக்குப் போயிச் சேரையில எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. மொகத்தக் கூடப் பாக்கல. திரும்பி வந்து கூட்டத்துல அழுதுகிட்டே ஒண்ணுதான் கேட்டான். அந்தப் புள்ளைக்கு வரிய அரை ஆக்குங்கன்னு. பேச்சி, அந்தப் பழக்கம் உன்னாலதாம்மா வந்தது. பொறவுதான் மத்தவங்களுக்கும் குடுத்தோம். நாங்க இங்க இருந்துகிட்டு வரியத்தான் கொறைச்சோம். ஊருல சுடலை அத மடைக்கும் சேத்துப் பிடிப்பான்னு எவன் கண்டான்?"

வெற்றிலைக் கட்டைச் சுமந்துகொண்டு தாராவிக்குத் திரும்பினோம். சலுகை சங்கம் தானாகக் கொடுத்தது என்றுதான் அவளும் நானும் இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

இரவில் பாயை விரித்துக்கொண்டே மதினி, "இனி எப்படிளா கேப்பேன்?" என்றாள்.

 செல்லத்துரை அண்ணனின் வயல் பக்கத்து வயல்; மதினிக்கு வராத தண்ணீரில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. அதை எடுத்துச் சொன்னால் நாளைக்கு ஒரு வார்த்தையில் ஜெயித்துவிடலாம் என்றேன்.

"அத மட்டும் சொல்லாத" என்றாள். "அவுக அத நெனச்சுச் செய்யல."

ஞாயிற்றுக்கிழமை பைத் துணிகளையும் தையல் எந்திரங்களையும் ஒதுக்கிவிட்டுப் பட்டறையிலேயே கூட்டம். கோரேகாவிலிருந்தும் தாணேயிலிருந்தும் கூட ஆட்கள் வந்திருந்தார்கள். இளைஞர்கள் இருவர் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டு, பெரியவர்கள் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்கள். நாங்கள் மூன்று பெண்களும் வாசலோரம் உட்கார்ந்தோம். சண்முகவேல் மாமா தலைக்கட்டுப் பெயர்களை வாசிக்க, ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். அரை வரிக்காரர்களின் பெயரை வாசிக்கும் வழக்கம் இல்லை.

கொடைக் கணக்கு முடிந்து, மாமா மதினியின் கோரிக்கையைச் சொன்னதும் பட்டறையே சிரித்தது.

"ஏ, வரியக் கூட்டுங்கன்னு கேக்கிற ஆளு இன்னும் ஒரு பத்துப் பேரு கெடைச்சா கோபுரமே கட்டிரலாமேடே!"

"அக்கா, என் வரியையும் சேத்துக் கட்டிருங்களேன்!"

மதினியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஒருவர், "சலுகையும் குடுத்தாச்சு, இனி என்ன? பொம்பளை வெள்ளாமைல கொறையத்தான் செய்யும். வரப்பு வெட்டணும், மடைக்கு அலையணும். எல்லாம் ஆம்பளை செய்ற மாதிரி வருமா?" என்றார். நான் எழுந்து மண்ணைப் பற்றியும் மழை வருடத்தைப் பற்றியும் சொன்னேன். பக்கத்து வயல் என்று மட்டும் சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழு வரின்னா குளத்து வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்" என்றார் இன்னொருவர்.

"நான் வருவேன். மண்ணு சொமக்கத் தெரியாதா எனக்கு?" என்றாள் மதினி.

அப்போது அண்ணன் தலையைத் தூக்கினார். "பேச்சி, நான் சொல்லுதேன். எந் தம்பி மொகத்த நான் பாக்கல. அவனுக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான். அத இப்ப வேண்டாங்கியா?"

  மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அத்தான், அன்னைக்கு அது எனக்கு வேண்டித்தான் இருந்துச்சு. வெதை வாங்கவும், பய பள்ளிக்கூடத்துக்கும் அந்த மிச்சம்தான் ஒதவுச்சு. ஒவ்வொரு வருசமும் யாரோ நம்மள நெனச்சிருக்காகன்னு நெனப்பேன். அது நீங்கன்னு நேத்துத்தான் தெரியும். நீங்க குடுத்தது தீந்துபோச்சு அத்தான், நான் நல்லா அனுபவிச்சிட்டேன். இப்ப பய வேலைக்குப் போயிட்டான். எனக்கு வரி கட்ட முடியும். தண்ணி இல்லாமத்தான் முடியல. ஒங்க தம்பி வயலு அது. அத வேற ஆளு கையில விட எனக்கு மனசு வரல."

 "பாவம், ஒரு பொம்பளைகிட்ட..." என்று யாரோ தொடங்க, எனக்குப் பக்கத்திலிருந்து ராணியக்கா எழுந்தாள்.

"என்ன பாவம்? நாளைக்கு இவுக போயிட்டா..." என்று அண்ணனைக் காட்டினாள்.

"ஏய், வாயக் கழுவு!" என்று ஒரு பெரியவர்.

"கழுவுதேன் அண்ணாச்சி, தண்ணி வந்தா. இவுக போயிட்டா குழாயடில எங் குடத்தக் கடைசில தள்ளிருவாளுகளா? தள்ளிப் பாக்கச் சொல்லுங்க! ஆளே வராத ஜோதி குடத்தக் கூட நாங்க முறை மாத்தாம நெரப்பி வைக்கோம். இத்தனை ஆம்பளைக கூடி ஒரு மடைக்கு முறை வைக்கத் தெரியல."

சிரிப்பு எழுந்தது, இந்தத் தடவை வேறு மாதிரியான சிரிப்பு. சண்முகவேல் மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, முறைத் தண்ணீருக்கும் வரிக்கும் சம்பந்தம் வேண்டாம், வயல் வரிசைப்படி பாயட்டும், முழு வரி கட்ட விரும்புகிற பெண் கட்டலாம், கட்டினால் பெயர் வாசிக்கப்படும் என்று சொன்னார். யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார். எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

"எனக்கு மறுப்பில்ல" என்றார் அண்ணன்.  பிறகு சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, அங்கேயே ஊருக்குச் சுடலையைக் கூப்பிட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி மேசை மேல் வைத்தார். மறுமுனையில் ஆடு கத்தியது.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"சுடலை, இந்தத் தடவை மடைக்கு வரியப் பாக்காத. வயல் வரிசைக்கு விடு. கூட்டத்துல முடிவாயிட்டு."

"சரி அண்ணாச்சி."

"பேச்சியம்மா முழு வரி. கேட்டியா? இன்னொண்ணு. முறை விழுந்ததும் மொதல்ல அவ வயலுக்குத் திருப்பு. என் வயலுக்கு, மத்த வயலுக்கு எல்லாம் முன்னாடி. இத்தனை வருசம் அவ கடைசில நின்னிருக்கா."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். நியாயம்தான் என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கண்ணில் நீர் கூட வந்துவிட்டது. மதினி மட்டும் வாசலோரத்திலிருந்து எழுந்து, ஒதுக்கி வைத்த தையல் எந்திரங்களுக்கு நடுவே வழி பார்த்து நடந்து, மேசை அருகே போய் நின்றாள்.

"வேண்டாம் அத்தான்."

"ஏம்மா? நாந்தான சொல்லுதேன்."

"மொதல்லயும் வேண்டாம், கடைசிலயும் வேண்டாம். எனக்கு மேல மூணு வயலு கெடக்கு. அதுக பாயட்டும். அப்பறம் நான். எனக்குப் பொறவு நீங்க." கைபேசிப் பக்கம் குனிந்து, "சுடலை, கேட்டியா? நாலாவது நான்" என்றாள்.

"கேட்டேங்க்கா" என்றது கைபேசி. "ராத்திரி முறையா விழுந்தா?"

"மம்பட்டியோட வந்து நிப்பேன். இப்ப குளம் எப்படிக் கெடக்கு?"

"மடைக்கல்லு தெரியுதுக்கா. இந்த வாரத்துல முறை விழுந்துரும்."

மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "வசந்தா, நாம டிக்கெட் போட்ட செவ்வாய்க்கிழமை வண்டியெல்லாம் சரிப்படாது. இன்னைக்கே ஏதாவது இருக்கான்னு பாரு" என்றாள்.

அண்ணன் மேசையிலிருந்து கைபேசியை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு வண்டி தேடத் தொடங்கினார்.